13 தாள்கள், ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர்

1986 ஜனவரி 27, இரவு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், விண்வெளி ஓடத்துக்குப் பூஸ்டர் ராக்கெட் செய்துகொடுக்கும் மார்டன் தயகால் நிறுவனத்தின் கூட்ட அறை. நாசாவுடன் நடந்துகொண்டிருந்த தொலைபேசிக் கூட்டத்தை நிறுத்தி, எங்களுக்குள் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி மியூட் போட்டார்கள். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. மியூட் போடுவதற்கு முன் நிறுவனத்தின் நிலைப்பாடு, நாளைக் காலை சேலஞ்சரை ஏவ வேண்டாம் என்பது. மியூட்டை எடுத்த பிறகு, ஏவலாம் என்பது.

அந்த அரை மணி நேரத்தில் புதிதாக ஒரு சோதனை முடிவு வரவில்லை. ஒரு புது எண் கூட வரவில்லை. வானிலை அறிக்கை மாறவில்லை. அதே ஆட்கள், அதே தாள்கள். முடிவு மட்டும் தலைகீழானது. மறுநாள் காலை 11:38க்குக் கிளம்பிய சேலஞ்சர் 73 விநாடிகளில் வானத்தில் சிதறியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்த விபத்தைப் பொறியியல் பாடமாகவும் நிர்வாகப் பாடமாகவும் பலர் எழுதிவிட்டார்கள். நான் இதைப் பேச்சுக்கலையின் நிகழ்வாகப் பார்க்கிறேன். ஒரு தரப்பு இன்னொரு தரப்பைச் சம்மதிக்க வைக்க முயன்றது, தோற்றது. தோற்ற தரப்பிடம்தான் உண்மை இருந்தது.

சம்மதிக்க வைக்கும் கலையில் மூன்று வழிகள் உண்டு என்று அரிஸ்டாட்டில் வகுத்ததை, பேச்சுப் பயிற்சி எங்கே நடந்தாலும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள். எத்தோஸ்: பேசுகிறவர் மேல் கேட்பவருக்கு வரும் நம்பிக்கை. பேத்தோஸ்: கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி. லோகோஸ்: பேச்சுக்குள் இருக்கும் தர்க்கம். மூன்றையும் அளவாகக் கலந்தால் போதும் என்பது போல, சமையல் குறிப்பாகவே இதைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தேகம். தர்க்கம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்தக் கேள்வியை யார் கேட்கலாம், நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதையெல்லாம் தர்க்கம் முடிவு செய்வதில்லை. நம்பகம்தான் முடிவு செய்கிறது. அந்த அரை மணி நேரத்தில் மாறியது பதில் அல்ல, கேள்வி. அது எப்படி மாறியது என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ரப்பர் வளையம்

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். வெப்பநிலைகள் எல்லாம் அவர்கள் பேசிய ஃபாரன்ஹீட் கணக்கிலேயே இருக்கட்டும். 32 டிகிரி என்பது தண்ணீர் உறையும் நிலை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பூஸ்டர் ஒரே குழாய் அல்ல. துண்டு துண்டாகச் செய்து, ரயிலில் கொண்டுவந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். துண்டும் துண்டும் சேரும் மூட்டில் உள்ளே எரியும் வாயு வெளியேறாமல் இருக்க இரண்டு ரப்பர் வளையங்கள், அதாவது ஓ-ரிங்குகள், இருக்கும். பூஸ்டரின் விட்டம் சுமார் 12 அடி. வளையத்தின் கனம் கால் அங்குலத்துக்குச் சற்று கூடுதல், அவ்வளவுதான். பற்றவைத்த கணத்தில் உள்ளே அழுத்தம் ஏறி, உலோகச் சுவர் லேசாகப் புடைத்து, மூட்டில் இடைவெளி விரியும். அமுங்கிக் கிடக்கும் வளையம் அந்த நொடியின் ஒரு பகுதிக்குள் எழும்பி இடைவெளியை அடைக்க வேண்டும். குளிர்ந்த ரப்பர் மெதுவாகத்தான் எழும்பும். பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

1985 ஜனவரியில், வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரியாக இருந்தபோது ஒரு ஏவுதல் நடந்தது. அதுவரை நடந்ததிலேயே குளிரானது அதுதான். கடலில் விழுந்த பூஸ்டரை மீட்டுப் பிரித்துப் பார்த்தபோது, முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்திருந்தது. இரண்டு வளையங்களுக்கும் இடையே இருந்த கிரீஸ் கரிக்கட்டை போல் கறுத்திருந்தது. அதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் தயகாலின் பொறியாளர் ராஜர் போஷலே. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று, தன் மேலதிகாரியான பொறியியல் துணைத் தலைவர் பாப் லண்டுக்கு அவர் ஒரு குறிப்பு எழுதினார். இந்த மூட்டைச் சரிசெய்யாவிட்டால் மிகப் பெரிய பேரழிவு வரும், மனித உயிர்கள் போகும் என்று அதில் வெளிப்படையாகவே இருந்தது. இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

தாள்களில் இருந்தவை

ஜனவரி 27 அன்று, மறுநாள் காலை ஏவும் நேரத்தில் வெப்பநிலை 30க்கும் கீழே இருக்கும் என்ற தகவல் யூட்டாவுக்கு வந்தது. சில மணி நேரத்தில் பொறியாளர்கள் 13 தாள்கள் தயாரித்தார்கள். சில கையால் எழுதியவை. ஃபேக்ஸில் நாசாவின் இரண்டு மையங்களுக்கு, அலபாமாவிலுள்ள மார்ஷல் மையத்துக்கும் ஃபுளோரிடாவிலுள்ள கென்னடி மையத்துக்கும் அனுப்பினார்கள். மூன்று ஊர்கள், 34 பேர், யாருக்கும் யாருடைய முகமும் தெரியாத தொலைபேசிக் கூட்டம்.

தாள்களில் என்ன குறை என்று பின்னால் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். தலைப்புத் தாளில் தயாரித்தவர்களின் பெயர்களே இல்லை என்பது ஒரு குறை. சின்ன விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் அந்தக் கிரீஸைக் கையால் தொட்டுப் பார்த்தவன் எழுதியது என்று தெரிந்து படிக்கும் தாளும், ஒரு நிறுவனம் அனுப்பியது என்று படிக்கும் தாளும் ஒன்றல்ல. நம்பகத்தை ஊட்டக்கூடிய முதல் இடம் காலியாக விடப்பட்டது.

முடிவுத் தாளில் லண்ட் வைத்த பரிந்துரை, 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது. இங்கேதான் தர்க்கம் சறுக்கியது. 53இல் என்ன விசேஷம்? ரப்பரின் இயல்பிலிருந்து வந்த எண் அல்ல அது. இதுவரை நாம் போன ஆகக் குறைந்த வெப்பநிலை, அதற்குக் கீழே நமக்கு அனுபவம் இல்லை, அவ்வளவுதான். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் 53இல் நடந்த ஏவுதலில்தான் மோசமான கசிவும் இருந்தது. அப்படியானால் 53 எப்படிப் பாதுகாப்பான எல்லை ஆகும்?

அதோடு எதிர்த்தரப்பிடம் இன்னொரு எடுத்துக்காட்டு இருந்தது. 1985 அக்டோபரில் 75 டிகிரியில் ஏவியபோதும் கசிவு இருந்தது. குளிரிலும் கசிகிறது, வெயிலிலும் கசிகிறது, பிறகு வெப்பநிலையை ஏன் குற்றம் சொல்கிறீர்கள் என்று கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது.

இதற்குப் பதில் அவர்கள் கையிலேயே இருந்தது, வேறு வடிவத்தில். விபத்துக்குப் பின் விசாரணைக் குழு அதுவரை நடந்த ஏவுதல்கள் எல்லாவற்றையும், பாதிப்பு இருந்தவை இல்லாதவை இரண்டையும் சேர்த்து, வெப்பநிலை வாரியாக அடுக்கிப் பார்த்தது. 66 டிகிரியும் அதற்கு மேலும் நடந்த 20 ஏவுதல்களில் 3இல்தான் வளையத்துக்குப் பாதிப்பு. 63உம் அதற்குக் கீழும் நடந்த 4 ஏவுதல்களில் நான்கிலும் பாதிப்பு. அந்த இரவில் இரு தரப்பும் பாதிப்பு இருந்த ஏவுதல்களை மட்டுமே வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். ஒன்றும் ஆகாத ஏவுதல்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தர்க்கத்தில் இது ஒரு பழைய பொறி: நடந்தவை கண்ணில் படும், நடக்காதவை படாது.

இப்படிப் பின்னால் உட்கார்ந்து குறை சொல்வது எளிது. சில மணி நேர அவகாசத்தில் செய்த வேலையை ஆண்டுக்கணக்கில் ஆற அமர ஆராய்கிறோம், அது நியாயமில்லை என்று அந்தப் பொறியாளர்கள் தரப்பிலிருந்தே மறுப்பு வந்திருக்கிறது. எனக்கும் அதில் உடன்பாடுதான். தாள்கள் சிறப்பாக இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

‘அளந்து சொல்லுங்கள்’

கூட்டத்தின் திருப்புமுனை என்று நான் நினைப்பது இதை. உங்கள் கவலையை எண்ணால் சொல்லுங்கள் என்று போஷலேயிடம் கேட்டார்கள். முடியாது, அதற்கான தரவு என்னிடம் இல்லை என்றார் அவர். ஆனால் இது நல்லதிலிருந்து விலகிப் போகிற திசை என்பது மட்டும் தெரியும் என்றார்.

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நேர்மையான பொறியாளன் சொல்லக்கூடிய மிகச் சரியான பதில் இதுதான். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறார். அரிஸ்டாட்டில் நம்பகத்துக்கு மூன்று வேர்கள் சொல்கிறார்: விவேகம், நற்குணம், கேட்பவர் மீது நல்லெண்ணம். போஷலேயின் பதிலில் மூன்றும் இருந்தன. ஆனால் அந்த அவையில் எண் இல்லாத வாக்கியத்துக்கு எடை இல்லை. நேர்மையே பலவீனமாகக் காதில் விழுந்தது.

இன்னொன்றும் அவர்களுக்கு எதிராக வேலை செய்தது. 1985 ஜனவரிக் கசிவுக்குப் பிறகு இதே தயகால் நிறுவனம், குளிர் இந்தப் பாதிப்பைக் கூட்டுகிறது, ஆனாலும் ஏற்கத்தக்க நிலைதான் என்று நாசாவிடம் சொல்லியிருந்தது. ஓராண்டு முழுக்க ஏற்கலாம் ஏற்கலாம் என்று சொன்ன வாய், ஏவுவதற்கு முந்தின இரவு வந்து கூடாது என்கிறது. கேட்பவர் சந்தேகப்படுவதை முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஒருவருடைய நம்பகம் அவர் பேசத் தொடங்கும் நேரத்தில் தொடங்குவதில்லை. முன்பு சொன்னதெல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

யார் உணர்ச்சியைக் கையில் எடுத்தது?

ஜூலை மாதக் குறிப்பில் மனித உயிர் என்ற சொல் இருந்தது. ஜனவரித் தாள்களில் கசிவு, அரிப்பு, மூட்டின் சுழற்சி, ரப்பரின் கடினம் எல்லாம் இருந்தன. ஆட்கள் இல்லை. உள்ளே ஏழு பேர் உட்காரப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதைத் தாளில் எழுத வேண்டுமா என்று நினைத்திருப்பார்கள். தொழில்நுட்பக் கூட்டத்தில் அப்படிப் பேசுவது கௌரவக் குறைவு என்ற கூச்சமும் இருந்திருக்கும். இந்தக் கூச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அறிவு சார்ந்த எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் புரியும்.

ஆனால் மறுபக்கம் என்ன நடந்தது? நாசாவின் பூஸ்டர் திட்ட மேலாளர் லாரி மல்லாய் கேட்டார்: "கடவுளே, தயகால், நான் எப்போது ஏவ வேண்டும் என்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" மார்ஷல் மையத்தின் ஜார்ஜ் ஹார்டி, இந்தப் பரிந்துரை தன்னைத் திடுக்கிட வைக்கிறது என்றார். நீங்கள் வேண்டாம் என்றால் ஏவமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அது நியாயமான வாக்கியம்தான். ஆனால் மறுமுனையில் காதில் தங்கியது முதல் பாதி. ஏவுவதற்கு முந்தின இரவா புது விதிகளை உண்டாக்கும் நேரம் என்ற எரிச்சலும் மல்லாயின் பேச்சில் வெளிப்பட்டது.

இவற்றில் எதுவும் தரவு அல்ல. எரிச்சல், கேலி, அதிர்ச்சி, எல்லாம் உணர்ச்சி. பூஸ்டர் செய்யும் ஒப்பந்தக்காரரின் காதில், வாடிக்கையாளரின் வாயிலிருந்து விழுந்த உணர்ச்சி. ஏப்ரல் என்ற ஒரே சொல் என்ன செய்தது பாருங்கள்: 53 டிகிரி என்ற பரிந்துரையை மறுக்காமலேயே அபத்தமாக்கிவிட்டது. தரவு மட்டும் பேசட்டும் என்று கேட்டவர்கள்தாம் அந்த இரவில் உணர்ச்சியைத் தாராளமாகக் கையாண்டார்கள். பயத்தைச் சொல்ல வேண்டியவர்கள் எண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

அவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று காலையில்தான் ஒரு முயற்சி வீணாகியிருந்தது. கதவின் கைப்பிடி கழலவில்லை, அதைச் சரிசெய்வதற்குள் பக்கக் காற்று எழும்பிவிட்டது. அதற்கு முன்பும் பல தள்ளிவைப்புகள். சலிப்பில் இருந்தவர்கள்.

தொப்பி

மியூட்டுக்குள் வருவோம். இங்கே நடந்தது பின்னால் விசாரணையில் சாட்சியமாக வந்தது.

போஷலேயும் அவருடைய சக பொறியாளர் ஆர்னி தாம்ப்சனும் எழுந்து மேலாளர்களின் பக்கம் போனார்கள். தாம்ப்சன் மூட்டின் படத்தை வரைந்து காட்டினார். போஷலே கறுத்த கிரீஸின் புகைப்படங்களை அவர்கள் முன் வைத்து, குளிர் கூடக் கூடக் கசிவு மோசமாகிறது, பாருங்கள் என்று வாதாடினார். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை என்றபோது இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

மூத்த மேலாளர் ஜெரி மேசன், இது நிர்வாக முடிவாக எடுக்க வேண்டியது என்றார். நான்கு மேலாளர்களில் தயங்கியவர் லண்ட் ஒருவர்தான். ஏவ வேண்டாம் என்று அறிவித்தவரே அவர்தானே. அவரைப் பார்த்து மேசன் சொன்னது உலகப் புகழ்பெற்றுவிட்டது: பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போடுங்கள்.

பேச்சுக்கலை படிக்கிறவர்கள் இந்த வாக்கியத்தோடு நாள்கணக்கில் உட்காரலாம். இதில் காரணம் எதுவும் இல்லை. ரப்பர் தாங்கும் என்று அது சொல்லவில்லை. லண்டின் கருத்து தவறு என்றும் சொல்லவில்லை. நீங்கள் யார் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறது. நம்பகம் என்றால் பேசுகிறவருடையது என்றுதான் நாம் படிக்கிறோம். இங்கே கேட்பவரின் அடையாளமே பேசுபொருளாகிவிட்டது. பொறியாளராக இருக்கும்வரை அவர் கேட்க வேண்டிய கேள்வி, இது பாதுகாப்பானது என்று தெரியுமா என்பது. நிர்வாகியானதும் கேள்வி, இதை நிறுத்தும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று ஆகிவிடுகிறது. முதல் கேள்விக்குத் தெரியாது என்பது பதிலானால் ஏவக் கூடாது. இரண்டாவது கேள்விக்கும் அதே தெரியாதுதான் பதில், ஆனால் இப்போது ஏவலாம். ஒரே தெரியாது, கேள்வி மாறியதும் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

லண்டே பின்னர் விசாரணையில் இதை ஒப்புக்கொண்டார். வழக்கமாக நாங்கள் தயாராக இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும், அன்று அது கட்டாயம் வேலை செய்யாது என்று நிரூபிக்க வேண்டிய நிலையில் எங்களைக் கண்டோம், எங்களால் முடியவில்லை என்ற பொருளில் அவர் சாட்சியம் இருந்தது.

நான்கு மேலாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். பொறியாளர்களின் கருத்து எண்ணப்படவே இல்லை.

பிறகு அந்த நால்வரில் ஒருவரான ஜோ கில்மின்ஸ்டர் வாசித்து, கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பிய தாள் ஒரு விசித்திரமான ஆவணம். ஓ-ரிங்குகள் இன்னும் கடினமாக இருக்கும், அமர அதிக நேரம் எடுக்கும், முன்பைவிட அதிக வாயு தாண்டலாம் என்று அதிலேயே இருக்கிறது. பொறியாளர்கள் கத்தியதும் அதைத்தான். ஆனால் மேலே, வெப்பநிலைத் தரவு முடிவானதல்ல என்று ஒரு வரி. கீழே, முதல் வளையம் அமராவிட்டால் இரண்டாவது அமரும் என்று இன்னொரு வரி. அப்புறம், ஏவப் பரிந்துரைக்கிறோம். எண்களில் மாற்றமில்லை. அடுக்கிய வரிசையும் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதும்தான் மாறியிருந்தன.

அறையில் இல்லாதவர்கள்

தயகாலின் சார்பில் கென்னடி மையத்தில் இருந்தவர் ஆலன் மெக்டொனால்ட். வழக்கப்படி கையெழுத்திட வேண்டியவர் அவர். மறுத்துவிட்டார். நாளைக்கு ஏதாவது நடந்தால் விசாரணைக் குழு முன் நின்று ஏன் ஏவினேன் என்று விளக்கும் ஆளாக நான் இருக்க விரும்பமாட்டேன் என்று நாசா அதிகாரிகளிடமே சொன்னார். அந்த இரவில் பேசப்பட்டதிலேயே மிக வலிமையான வாக்கியம் இதுதான் என்பேன். கேட்பவரை நாளைய தினத்தில், பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார வைக்கிறது. உணர்ச்சியும் தர்க்கமும் ஒரே மூச்சில்.

ஆனால் அவரும் ஒரு தவறு செய்தார் என்று நினைக்கிறேன். ஏவக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்களை அடுக்கினார்: குளிர்ந்த ஓ-ரிங், பூஸ்டரை மீட்கும் கப்பல்கள் கொந்தளிப்பில் சிக்கியிருப்பது, ஏவுதளத்தில் பனிக்கட்டி. வலுவான காரணத்துக்குப் பக்கத்தில் கையாள எளிதான காரணங்களை வைத்தால் கேட்பவர் எளிதானதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படியே நடந்தது. அன்றிரவு மேலதிகாரிக்குத் தொலைபேசியில் போன செய்தியில் கப்பலும் பனிக்கட்டியும் இருந்தன. ஓ-ரிங் இல்லை.

அவையறிதல் என்று நமக்கு ஒரு பழைய சொல் உண்டு. எந்தச் சபையில் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுவது. இங்கே இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும்: நாம் பேசும் சபைதான் முடிவெடுக்கும் சபையா? ஏவலாம் என்று இறுதிச் சொல் சொல்லும் அதிகாரம் உள்ளவர்களுக்கு, இப்படி ஒரு கூட்டம் நடந்ததோ பொறியாளர்கள் எதிர்த்ததோ தெரியவே தெரியாது. 13 தாள்களும் தவறான வாசலில் போய் நின்றன.

டம்ளர்

விபத்து நடந்து இரண்டு வாரம். பிப்ரவரி 11, வாஷிங்டனில் விசாரணைக் குழுவின் பொது அமர்வு, தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால். குழு உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் ஐஸ் தண்ணீர் கேட்டு வாங்கினார். ஓ-ரிங் ரப்பர் துண்டு ஒன்றை, அன்று காலை கடையில் வாங்கிய சிறு கிளாம்பில் இறுக்கி, தண்ணீரில் போட்டு வைத்தார். சற்று நேரம் கழித்து எடுத்து கிளாம்பைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. 32 டிகிரியில் சில விநாடிகளாவது இந்தப் பொருளுக்கு மீள்தன்மை இல்லை, இது நம் பிரச்சினைக்கு முக்கியம் என்று நினைக்கிறேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் நாடு முழுக்க அதுதான் செய்தி.

சரி, ஃபைன்மேனிடம் இருந்த ஆதாரம் பொறியாளர்களிடம் இருந்ததைவிட மேலா? இல்லை. அறிவியலாகப் பார்த்தால் கீழ். பொறியாளர்கள் 1985இலேயே இதை முறையாகச் சோதித்திருந்தார்கள். 100 டிகிரியில் வளையம் தொடர்பை விடவே இல்லை. 75இல் மீண்டும் ஒட்ட 2.4 விநாடி ஆனது. 50இல் பத்து நிமிடம் பார்த்தும் ஒட்டவில்லை, சோதனையை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தகவல் ஜனவரி 27 தாள்களிலும் இருந்தது. ஓர் அட்டவணையில் 50க்கு நேரே 600 என்ற எண்ணாக, விநாடியில்.

600. பத்து நிமிடம் என்று கூட இல்லை. விநாடியின் ஒரு பகுதிக்குள் முடிய வேண்டிய வேலை பத்து நிமிடமாகியும் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் வயிற்றைக் கலக்குகிறது. அட்டவணையில் 600 என்று படித்தால் கண் தாண்டிப் போகிறது. டம்ளரில் இருந்ததும் அட்டவணையில் இருந்ததும் ஒரே செய்தி.

டம்ளரின் கதையில் எனக்கு இன்னும் பிடித்தது அதற்கு முன்னால் நடந்தது. ஓ-ரிங் மீது குளிரின் விளைவைக் காட்டும் தாள் முதலில் கைமாறியது குழு உறுப்பினரும் விண்வெளி வீராங்கனையுமான சாலி ரைடிடமிருந்து. நாசாவுக்குள்ளேயே இருப்பவர், பெயர் வெளியே வந்தால் கொடுத்தவருக்கும் சிக்கல். அவர் அதைச் சக உறுப்பினரான விமானப்படை ஜெனரல் டொனால்ட் குடினாவிடம் கொடுத்தார். குடினா அதை நேராகச் சொல்லாமல், தன் காரின் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவது போல, குளிரில் ரப்பர் என்ன ஆகும் என்று ஃபைன்மேனிடம் கேட்டு வைத்தார். சாலி ரைட் 2012இல் இறந்த பிறகுதான் அவர் பங்கைக் குடினா வெளியே சொன்னார். உண்மை, அதைச் சொன்னால் இழப்பதற்கு எதுவும் இல்லாத ஒரு வாயைத் தேடிப் போயிருக்கிறது. 1965இல் நோபல் பரிசு பெற்றவர், நாசாவிடம் வேலை பார்க்காதவர், ஒப்பந்தம் எதுவும் இல்லாதவர். போஷலேயிடம் கேட்டது போல, உங்கள் கவலையை எண்ணால் சொல்லுங்கள் என்று ஃபைன்மேனிடம் யாரும் கேட்கவில்லை.

நேரமும் பார்த்தார்கள். ஃபைன்மேன் முதலில் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தப் போனபோது, இப்போது வேண்டாம் என்று குடினா தடுத்தார். மூட்டின் படம் திரையில் வரும்வரை காத்திருக்கச் சொன்னார். தக்க தருணத்துக்குக் கிரேக்கர்கள் கைரோஸ் என்று தனிச் சொல்லே வைத்திருந்தார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். அரிஸ்டாட்டில் பேச்சை அவையின் வகையால் பிரிக்கிறார். எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுக்கும் ஆலோசனைச் சபை வேறு, நடந்து முடிந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் வேறு. ஜனவரி 27 ஆலோசனைச் சபை. பிப்ரவரி 11 நீதிமன்றம். ஏழு பேர் இறந்த பிறகு ரப்பர் குளிரில் இறுகும் என்று நம்புவதற்கு யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. முந்தின இரவில் நம்பியிருந்தால் ஓர் ஏவுதல் நின்றிருக்கும், ஓர் ஒப்பந்தக்காரர் வாடிக்கையாளரைப் பகைத்திருப்பார், ஓர் அதிகாரி மேலே போய்ப் பதில் சொல்லியிருப்பார். ஃபைன்மேனைப் போல எளிமையாகக் காட்டியிருந்தால் போதுமே என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஃபைன்மேனே அந்த இரவில் தொலைபேசியில் இருந்திருந்தால், டம்ளரை யார் பார்த்திருப்பார்கள்?

அந்த இரவுக்கு ஒரே ஒரு தாள்

இருந்தாலும், கைக்கு எட்டிய தூரத்தில் என்ன இருந்தது என்று ஒரு பயிற்சியாக எழுதிப் பார்த்தேன். 13 தாள்களுக்குப் பதில் ஒன்று. மேலே பெயர்கள்: தயாரித்தவர்கள், கிரீஸை நேரில் பார்த்தவர்கள். அதன் கீழே ஒரே எண் செய்தி: அரை நொடியில் அடைக்க வேண்டிய வளையம் 50 டிகிரியில் பத்து நிமிடமாகியும் அடைக்கவில்லை, நாளைக்கு 30க்கும் கீழே. 53 என்ற எல்லையை எழுதவே மாட்டேன். எல்லை ஒன்றைச் சொன்னால் எதிராளி அந்த எல்லையோடு சண்டை போடுவார், ரப்பரை மறந்துவிடுவார்.

கடைசியில் ஒரு கோரிக்கை. முடியாது என்று நிரூபிக்கிறோம் என்று போகாமல், பாரத்தைத் திருப்பி வைக்கும் கோரிக்கை: இந்த வெப்பநிலையில் வளையம் அடைக்கும் என்பதற்கு உங்களிடம் உள்ள சோதனை முடிவைக் காட்டுங்கள், இல்லையென்றால் இந்தத் தாளை இறுதி முடிவெடுப்பவரிடம் அனுப்புங்கள். மெக்டொனால்ட் தனியாளாகக் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். மியூட் எடுத்த பிறகு நிறுவனமே எதிர்ப்பக்கம் போய்விட்டதால் அவருடைய சொல்லுக்கு முதுகெலும்பு இல்லாமல் போனது. லண்ட் தொப்பியை மாற்றாமல் இருந்திருந்தால், ஹார்டி சொன்னது போல நாசா ஏவியிருக்காது. முழு நிகழ்வும் ஒரு மனிதரின் தலையில் எந்தத் தொப்பி என்பதில் நின்றிருக்கிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

போஷலே விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னார், ஆவணங்களையும் கொடுத்தார். அதற்காக உடன் வேலை செய்தவர்களே அவரை ஒதுக்கினார்கள், வேலையை விட்டார். 1988இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் அவருக்கு விருது அளித்தது. மெக்டொனால்டைப் பதவியிறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் அழுத்தத்துக்குப் பிறகு திரும்பப் பதவி கொடுத்து, மூட்டை மறுவடிவமைக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள்.

1988 செப்டம்பர் 29 அன்று விண்வெளி ஓடம் மறுபடி கிளம்பியபோது புதிய மூட்டில் மூன்றாவதாக ஓர் ஓ-ரிங் இருந்தது. சுவர் புடைத்தாலும் இடைவெளி விரியாதபடி பிடித்துக்கொள்ளும் ஓர் உலோக விளிம்பு இருந்தது. மூட்டைச் சுற்றி மின்சார ஹீட்டரும் பொருத்தியிருந்தார்கள்.